ஸ்விஃப்ட் காரில் நான்கு டிராக் சக்கரங்கள்: இடமும் கட்டும்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பழகத் தொடங்குகிறவர், விரைவிலேயே இரண்டாவது செட் சக்கரங்களைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார். 12 வளைவுகளும் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமும் கொண்ட அந்தத் தடத்தில், அலுவலகத்துக்குப் போய்வருவதற்கான சாதாரண டயரின் தோள்பகுதி, அதாவது தரையில் படும் பரப்பின் ஓரவிளிம்பு, வெகு சீக்கிரம் சிதைந்துபோகும். தடத்துக்கென்றே செய்த மென்ரப்பர் டயரை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு புறப்படலாமே என்றால், அதில் நீரை வெளியேற்றும் பள்ளங்கள் குறைவு. ஐப்பசி மழையில் நெடுஞ்சாலையில் தேங்கிய நீரின் மேல் அது ஏறக்குறைய மொட்டை டயரைப் போலத்தான் நடந்துகொள்ளும். ஆகவே ரிம்மில் பொருத்திய நான்கு டிராக் சக்கரங்களைக் காருக்குள்ளேயே ஏற்றிச் சென்று, அங்கே ஜாக்கி போட்டு மாற்றிக்கொள்வதுதான் நடைமுறையில் எஞ்சும் வழி. அந்த வேலைக்கு 2018-ல் வந்த மூன்றாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட் எவ்வளவு தோதானது, அதற்காக வாங்கும் சக்கர உறைகளும், சுமையை முறுக்கி இறுக்கிக் கட்டும் ரேட்செட் பெல்ட்டுகளும் கொடுத்த பணத்துக்குத் தகுமா என்பவற்றை இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் அளவு. ஸ்விஃப்டின் உயர்ரகங்களில் வரும் டயர் 185/65 ஆர்15 (அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம்). அதன் வெளிவிட்டம் சுமார் 62 சென்டிமீட்டர். இலகுவான கார்களைத் தடத்தில் ஓட்டுகிறவர்கள் உலகெங்கும் விரும்பும் அளவு 195/50 ஆர்15. யோகோஹாமா, டோயோ, நான்காங் ஆகிய நிறுவனங்கள் இந்த அளவில் தடத்துக்கான டயர்களைச் செய்கின்றன. இதன் விட்டம் சுமார் 57.6 சென்டிமீட்டர்தான். வண்டி சற்றுத் தாழும். ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் கூடுதலான வேகத்தைக் காட்டும். ஆனால் விட்டத்தில் குறையும் அந்தச் சில சென்டிமீட்டர், சக்கரத்தை உள்ளே நுழைக்கும்போது பெரிய உதவியாகிவிடுகிறது.

ஸ்விஃப்டின் டிக்கி 268 லிட்டர் கொள்ளளவு உடையது. 57.6 சென்டிமீட்டர் விட்டமும் 20 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட சக்கரத்தை ஒரு பெட்டிக்குள் வைத்தால் அந்தப் பெட்டிக்கு 66 லிட்டர் வேண்டும். நான்குக்கு 265 லிட்டர். காகிதத்தில் இந்தக் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது, காரில் பொருந்தவில்லை. நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 80 சென்டிமீட்டர் உயரம் வந்து, டிக்கியை மேலே மூடும் பார்சல் தட்டைக் கழற்றினாலும் பின்கண்ணாடியை மறைத்துவிடும். பக்கவாட்டில் இரண்டு அடுக்குகளாக வைப்பதற்கு டிக்கியின் அகலம் போதாது. லிட்டர் கணக்கைப் பார்த்துக் கார் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்; விளம்பரத்தில் வரும் அந்த எண், அரிசி மூட்டைக்கும் துணிப்பைக்கும் பொருந்துவதைப் போல உருண்டையான, வளையாத பொருளுக்குப் பொருந்துவதில்லை.

எனக்குச் சரியாகத் தோன்றும் ஏற்பாடு வேறு. இரண்டு சக்கரங்களை டிக்கியில் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். மற்ற இரண்டையும் முன்னிருக்கைகளுக்குப் பின்னால், பின்னிருக்கைப் பயணி கால் வைக்கும் பள்ளத்தில், ஓட்டுநர் பக்கம் ஒன்றும் மறுபக்கம் ஒன்றுமாக நிறுத்திவைக்க வேண்டும். 195 அகல டயர் அந்தப் பள்ளத்தில் நின்றபடி இறங்குகிறது. பிறகு முன்னிருக்கையை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினால், சக்கரம் முன்னிருக்கையின் முதுகுக்கும் பின்னிருக்கையின் மெத்தைக்கும் இடையே இறுகி நின்றுவிடும். ஓட்டுநர் நல்ல உயரமானவராக இருந்தால் அவருடைய பக்கத்தில் இடம் தகராறாகும். நடுத்தர உயரமுள்ளவருக்குச் சிரமமில்லை. உயர்ரக ஸ்விஃப்டில் பின்னிருக்கையின் முதுகு 60:40 என்ற பிரிவில் மடிகிறது, அதை மடித்துவிட்டால் எளிதாயிற்றே என்று பலரும் கேட்பார்கள். மடிக்க வேண்டாம் என்பதே என் முடிவு. அந்த முதுகுதான் டிக்கிச் சுமைக்கும் நமக்கும் இடையே நிற்கும் ஒரே சுவர்.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கார் இருக்கைகளின் வலிமை பற்றிய ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 17-ஆம் ஒழுங்குவிதியில் சுமைச் சோதனை ஒன்று உண்டு. தலா 18 கிலோ எடையுள்ள இரண்டு கட்டைகளை இருக்கையின் பின்னால் வைத்து, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நிகழும் மோதலுக்கு நிகரான அதிர்ச்சியைக் கொடுத்து, இருக்கையின் முதுகு தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். 15 அங்குல ரிம்மும் டயரும் சேர்ந்த ஒரு சக்கரம் ரிம்மின் வகையைப் பொறுத்துத் தோராயமாக 15 முதல் 18 கிலோ வரும். அதாவது டிக்கியில் இரண்டு சக்கரங்கள் என்பது, ஒழுங்குவிதியை எழுதியவர்கள் மனத்தில் வைத்திருந்த சுமைக்கு ஏறக்குறையச் சமம். நான்கு என்பது அதைப்போல் இரு மடங்கு. எடைப் பங்கீட்டிலும் இந்த ஏற்பாடே மேல்: ஏறத்தாழ 70 கிலோவும் பின் அச்சுக்கு அப்பால் குவிந்தால் ஒரு டன்னுக்கும் குறைவான காரின் பின்பகுதி தாழ்ந்து, ஸ்டியரிங் லேசாகிவிடும்; பாதிச் சுமை அச்சுக்கு முன்னால் வந்துவிட்டால் அந்த மாற்றம் பெரிதாகத் தெரிவதில்லை.

முன் பயணி இருக்கையில் ஒரு சக்கரத்தை வைக்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் கார்களில் ஓட்டுநருக்கும் முன் பயணிக்கும் சீட் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம் என்பதால், இருக்கையில் எடை பட்டதும் கார் கத்தத் தொடங்கும். பெல்ட்டை மாட்டினால் ஓசை நிற்கும். ஆனால் மோதலில் ஏர்பேக் விரிந்து அந்தச் சக்கரத்தின் மேல் மோதினால் என்ன ஆகும் என்பதைக் கார் செய்தவர்கள்கூடச் சோதித்திருக்க வாய்ப்பில்லை. பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அந்த இருக்கை ஹெல்மெட்டுக்கும் தண்ணீர்க் குடுவைக்கும் போதும்.

சக்கர உறைகள் இணையத்தில் நான்கு கொண்ட செட்டாகக் கிடைக்கின்றன. நான் பயன்படுத்துவது தடித்த நைலான் துணியில் தைத்த, பெயர் சொல்லும்படியான நிறுவனம் எதையும் சாராத வகை. பிரேக் தூசி பின்னிருக்கைத் துணியில் அப்பாமல் இருப்பது இதனால் கிடைக்கும் முதல் நன்மை. முன்-இடது, பின்-வலது என்று எந்தச் சக்கரம் எங்கே ஓடியது என்பதை உறையின்மேல் எழுதிவைத்துக்கொள்ளலாம். தேய்மானம் பார்ப்பதற்கு அது உதவுகிறது. கைப்பிடித் தையல்தான் பலவீனமான இடம். வாங்கும்போது கைப்பிடிப் பட்டை உறையின் அடிவரை ஓடித் தைக்கப்பட்டிருக்கிறதா, மேல் விளிம்பில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. தடத்திலிருந்து இறங்கிய டயர் கையை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். வழியில் கிடந்த ரப்பர்த் துணுக்குகளையும் வாரிக்கொண்டு வரும். ஆறவிடாமல் உறையில் திணித்தால், உட்பூச்சு இளகி ரப்பரோடு ஒட்டிக்கொள்ளும். உறைக்குச் செலவிட மனமில்லாதவர்கள் பழைய போர்வையை விரித்தாலும் பெரிய நஷ்டமில்லை.

ரேட்செட் பெல்ட் விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 25 மில்லிமீட்டர் அகலப் பெல்ட்டே இதற்குப் போதும். ஆனால் தாங்குதிறன் அச்சிட்ட துணிச்சீட்டு அதில் தைக்கப்பட்டிருக்க வேண்டும். சீட்டு இல்லாத பெல்ட் எவ்வளவு தடிமனாகத் தெரிந்தாலும் அதை நம்புவதற்கு அடிப்படை இல்லை. டிக்கியிலுள்ள இரண்டு சக்கரங்களின் நடுத்துளை வழியாகப் பெல்ட்டைச் செலுத்தி, இரண்டையும் ஒரே கட்டாக்கி, இருக்கை முதுகோடு ஒட்டிவைத்து, மிஞ்சும் இடைவெளியில் போர்வையை அடைக்க வேண்டும். சிறிய ஹேட்ச்பேக்குகள் பலவற்றின் டிக்கியில் கட்டுக்கொக்கிகள் இருப்பதில்லை. குழந்தை இருக்கையின் மேல்பட்டைக்காக அமைந்த கொக்கியில் சிலர் மாட்டுகிறார்கள். கட்டு நகராமல் பிடித்துவைக்கும் அளவுக்கு அது உதவலாம். ரேட்செட்டை வலுவாக முறுக்கி அதை இழுப்பதை நான் ஏற்கவில்லை.

டிரெய்லர், கூரை கேரியர் ஆகிய இரண்டையும் நான் ஒதுக்கிவிட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் பதிவு செய்யப்பட வேண்டிய வாகனமே. நான்கு சக்கரங்களுக்காக ஆர்.டி.ஓ. அலுவலகப் படியேற யாருக்கு மனம் வரும்? கூரையில் ஏற்றினால் 70 கிலோ சுமை காரின் மிக உயரமான இடத்தில் அமர்ந்துகொள்கிறது. நண்பர்கள் இருவர், மூவர் சேர்ந்து ‘குட்டி யானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து எல்லாருடைய சக்கரங்களையும் அனுப்புவது மட்டுமே இவற்றில் பொருளுள்ள மாற்று.

இந்த ஏற்பாட்டின் எல்லை நகரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரைதான். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பக்கத்தில் அமர, ஜாக்கியும், நட்டை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்சும் காற்றடிக்கும் கருவியும் கொண்ட பெட்டி பின்னிருக்கையில் சீட் பெல்ட்டால் கட்டப்பட்டிருக்க, கார் நிறைந்துவிடுகிறது. கோவை செட்டிப்பாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு இரண்டு நாள் துணியோடு சென்னையிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு இது ஒத்துவராது; அவர்கள் சக்கரங்களை உறையோடு கட்டி லாரி பார்சலில் முன்கூட்டியே அனுப்பிவிட்டு, கோவையில் எடுத்துக்கொள்வதே நல்லது.