ஜெனரிக் ட்ரோஸ்பைரெனோன் மாத்திரை: ஒன்றரை வருட அனுபவம்

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அந்த இரண்டும், மாத்திரை சொன்ன வேலையைச் செய்ததற்காக.

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறேன், வயது 33. பீரியட்ஸ் வந்தால் முதல் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. தாடை முழுக்கப் பரு வேறு. டாக்டர் எழுதியது ஹார்மோன் கருத்தடை மாத்திரை: ட்ரோஸ்பைரெனோன் 3 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ராடியால் 20 மைக்ரோகிராம். ஓர் அட்டையில் மருந்துள்ளவை 24, மருந்தில்லாதவை 4. ஃபார்மசியில் பிராண்டுக்குப் பதில் ஜெனரிக், அதாவது அதே மருந்தை வேறு கம்பெனி செய்வது, கொடுத்தார்கள். இன்சூரன்ஸ் இருந்ததால் ஒரு காசு கட்டவில்லை. மூன்றாவது மாதமே வலி பாதியாகக் குறைந்தது, பருவும் அடங்கியது. தோழிகள் இரண்டு பேருக்கு நானே சிபாரிசு செய்தேன்.

போன வருடம் சென்னைக்குப் போனபோது கையிலிருந்த அட்டை முதல் வாரமே தீர்ந்துவிட்டது. ஆறு வாரம் போடவில்லை. திரும்பி வந்த மறுநாள் புது அட்டையைப் பிரித்தேன். மூன்றாவது வாரம் இடது கெண்டைக்காலில் பிடிப்பு.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "நின்னுக்கிட்டே வேலை பாத்திருப்ப. நல்லெண்ணெயைக் காய்ச்சி அழுத்தித் தேய்ச்சு விடுடி, சரியாப் போயிடும்" என்றாள். இரண்டு ராத்திரி தேய்த்தேன். மூன்றாம் நாள் தோல் பளபளவென்று இறுகி, தொட்டால் சுட்டது. பிளவுஸ் தைக்கிற டேப்பை எடுத்து இரண்டு காலையும் அளந்தேன். வலது 35½ சென்டிமீட்டர், இடது 39. அப்போதுதான் பயம் வந்தது. எமர்ஜென்சியில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி. அது பிடுங்கிக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, இனிமேல் காலைத் தேய்க்கவே கூடாது என்றார்கள்.

அங்கிருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தீர்களா?" வீட்டுக்கு வந்து, மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை முதல்தடவையாக முழுதாக விரித்தேன். சாப்பாட்டு மேசையில் பாதியை மூடியது. கட்டம் கட்டிய எச்சரிக்கை, 35 வயதைத் தாண்டிப் புகைபிடிக்கும் பெண்களைப் பற்றியது. நான் புகைபிடிப்பதில்லை என்று முன்பு அதோடு நிறுத்திவிட்டிருந்தேன். உள்ளே, பொடி எழுத்தில் இருந்தது நான் படித்திருக்க வேண்டிய வரி: ரத்தம் உறையும் ஆபத்து முதல் வருடத்தில்தான் அதிகம், நான்கு வாரமோ அதற்கு மேலோ விட்டுவிட்டு மறுபடி தொடங்கும்போதும் அப்படியே. மாதாமாதம் ஃபார்மசி கவுன்ட்டரில் நின்றிருக்கிறேன், ஒருவர்கூட இதை வாயால் சொன்னதில்லை.

பயமுறுத்த இதை எழுதவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கணக்குப்படி, மாத்திரை போடாத, கர்ப்பமில்லாத 10,000 பெண்களில் வருடத்துக்கு 1 முதல் 5 பேருக்கு இப்படிக் கட்டி வரலாம். கருத்தடை மாத்திரை போடுபவர்களில் 3 முதல் 9. கர்ப்பத்தில் 5 முதல் 20, பிரசவமான முதல் 12 வாரத்தில் 40 முதல் 65. ஆகவே பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ட்ரோஸ்பைரெனோன் உள்ளவற்றில் ஆபத்து பழைய வகைகளைவிட மூன்று மடங்கு வரை இருக்கலாம் என்று சில ஆய்வுகள் காட்டியதை, வேறு சில ஆய்வுகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்து, 2012 ஏப்ரலில் லேபிளில் போடவைத்தார்கள்.

இனி நஷ்டஈடு. டிவி விளம்பரத்தில் பார்த்த ஒரு வக்கீல் ஆபீசுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் என் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "பிராண்டா, ஜெனரிக்கா?" என்றாள். ஜெனரிக் என்றதும் குரல் மாறிவிட்டது. இன்னொரு ஆபீசில் ஒரு வக்கீல் பொறுமையாக விளக்கினார். ஜெனரிக் கம்பெனி, பிராண்டின் லேபிளை அப்படியே போடவேண்டும் என்பது மத்தியச் சட்டம். தானாக மாற்ற முடியாது. அதனால் "சரியாக எச்சரிக்கவில்லை" என்று மாநிலச் சட்டத்தின் கீழ் அவர்கள்மேல் வழக்குப் போட முடியாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 2011-இல் ப்ளைவா-மென்சிங் வழக்கில் சொல்லிவிட்டது. நான் பிராண்டே சாப்பிட்டிருந்தாலும் கஷ்டம்தான் என்றார்: எஃப்டிஏ ஒப்புக்கொண்ட எச்சரிக்கை போதுமானது என்றுதான் நியூ ஜெர்சி சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இதற்குமேல், வழக்குப் போட இரண்டு வருடக் கெடு.

ட்ரோஸ்பைரெனோன் உள்ள பிராண்டுகளான யாஸ், யாஸ்மின் சாப்பிட்டவர்களுக்குப் பணம் கிடைத்ததே என்று கேட்டேன். உண்மைதான். லேபிள் மாறுவதற்கு முந்தைய கதை அது. 2009-இலேயே அவற்றை விற்ற பேயர் கம்பெனி, யாஸ் விளம்பரத்தில் மிகைப்படுத்தியதற்காக 2 கோடி டாலர் செலவில் திருத்த விளம்பரம் போடவேண்டி வந்தது. பிறகு ஆயிரக்கணக்கான பெண்களின் வழக்குகள் இல்லினாய் ஃபெடரல் கோர்ட்டில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, ரத்தக்கட்டி வழக்குகளை முடிக்க 150 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அட்டையில் இருந்த கம்பெனி பெயரைப் பொறுத்து, அதே மருந்தைச் சாப்பிட்ட ஒருத்திக்குக் கதவு திறக்கும், இன்னொருத்திக்குத் திறக்காது. இது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது. ஃபார்மசியில் ஜெனரிக்கைக் கையில் கொடுக்கும்போது இதையும் சொல்லவேண்டும்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஆறு மாதம் போட்டு முடித்தேன். இப்போது காப்பர் டி. பீரியட்ஸ் வலி திரும்பி வந்துவிட்டது, சாயங்காலம் கால் கனக்கிறது, பிரஷர் ஸ்டாக்கிங் போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன்.

விஷயத்தைக் கேட்டபிறகுதான் அம்மா சொன்னாள்: "உங்க பெரியம்மாவுக்கும் ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் இப்படித்தாண்டி கால் வீங்கிச்சு. ரத்தம் கட்டிக்கிச்சுன்னு ஒரு மாசம் ஆஸ்பத்திரில இருந்தா." டாக்டர் கொடுத்த ஃபாரத்தில் "குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டி?" என்ற இடத்தில் நான் "இல்லை" என்று டிக் அடித்திருந்தேன்.

அன்றே பெரியம்மா மகளைக் கூப்பிட்டேன். பீரியட்ஸ் ஒழுங்காக வர எட்டு மாதமாக ஏதோ மாத்திரை போடுகிறேன் என்றாள். "அட்டையை எடுத்துப் படிக்கா" என்றேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். ட்ரோஸ்பைரெனோன். தன் அம்மாவுக்குக் கட்டி வந்ததை டாக்டரிடம் அவளும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிய பிறகுதான் போனை வைத்தேன்.