கடை அக்ரிமெண்ட் பார்த்துக் கொடுத்த வக்கீல் அம்மா, திருச்சி கண்டோன்மென்ட்: என் அனுபவம்

திருச்சி தில்லைநகரில் குழந்தைகள் துணிக்கடை போட ஒரு இடம் பார்த்து வைத்திருந்தேன். முன்பக்கம் 12 அடி, உள்ளே 25 அடி, மாத வாடகை 22,000, அட்வான்ஸ் பத்து மாசம். அதுவரை எனக்கு வீட்டு வாடகை மட்டும்தான் தெரியும், கடை எடுப்பது இதுதான் முதல் தடவை. புரோக்கர் வேறு, "இன்னைக்கு டோக்கன் போடலைன்னா மொபைல் கடைக்காரர் போட்டுருவார்" என்று காலையும் மாலையும் போன் பண்ணிக்கொண்டிருந்தார். டோக்கன் கொடுக்கும் முன்னால் ஒரு தடவை காட்டிவிடு என்று அண்ணி பிடிவாதமாகச் சொன்னதால்தான் இந்த வக்கீல் அம்மாவிடம் போனேன். படித்துப் பார்ப்பது, திருத்தி எழுதுவது, கடைக்கு ஒருமுறை நேரில் வருவது எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்.

போனதும் அவர் அக்ரிமெண்டை வாங்கவே இல்லை. "கடைக்குள்ள எவ்வளவும்மா போடப் போறீங்க?" என்று கேட்டார். கண்ணாடிக் கதவு, ரேக், ஏசி, ஃபால்ஸ் சீலிங், போர்டு எல்லாம் சேர்த்து நாலரை லட்சம் என்றேன். "அது திரும்பி வர எத்தனை மாசம் ஆகும்?" எப்படியும் மூணு வருஷம் ஆகும் என்றேன். "ஓனர் உங்களுக்குக் கொடுக்கிறது பதினோரு மாசம்" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் பேப்பரைக் கையில் எடுத்தார். வாடகையைக் குறைப்பது, அட்வான்ஸைக் குறைப்பது இதுதான் பேரம் என்று நினைத்துப் போன எனக்கு அந்த ஒரு கேள்வியிலேயே விஷயம் வேறு என்று புரிந்துவிட்டது.

ஊரில் எல்லோரும் பதினோரு மாசம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு வருஷத்துக்கு மேல் போகும் குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும் (சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 107), முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் ஆகும். அந்தச் செலவுக்குப் பயந்து பதினோரு மாசத்தில் நிறுத்திக்கொள்கிறோம், முடிந்ததும் புதுப்பிப்பாரா, என்ன வாடகை கேட்பார் என்பதெல்லாம் ஓனர் கைக்குப் போய்விடுகிறது, நம் நாலரை லட்சமோ சுவரில் இருக்கிறது. சரி, பதிவு செய்யாமலே மூணு வருஷம் என்று எழுதிக்கொள்ளலாமே என்று கேட்டேன். அந்தப் பேப்பரை வைத்து மூணு வருஷத்தைக் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது, மூணு வருஷம் வேண்டுமென்றால் பதிவே செய்துவிடுங்கள் என்றார்.

அவர் பென்சிலால் கோடு போட்ட இடங்கள் இன்னும் என் பைலில் இருக்கின்றன. அதில் மூன்று எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தவை. "வாடகைதாரர் பொருத்தும் பொருட்கள் யாவும் உரிமையாளரைச் சேரும்" என்று ஒன்று. நாம் பொருத்தியதை, கட்டடம் நம் கைக்கு வந்த நிலையிலேயே இருக்கும்படி விட்டுவிட்டு, கழற்றி எடுத்துப்போகச் சட்டமே (பிரிவு 108) இடம் கொடுக்கிறது, ஆனால் இப்படி ஒரு வரியில் கையெழுத்துப் போட்டால் அந்த உரிமை போய்விடும். இரண்டாவது, "அடுத்த வாடகைதாரர் வந்த பின் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்." அடுத்தவர் வராமலே போனால்? தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, காலி செய்து ஒரு மாசத்துக்குள், நாம் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். அதே சட்டம் அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது, கூடவே 'ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் தவிர' என்றும் சொல்கிறது, அதனால்தான் எல்லோரும் பத்து மாசம் கேட்கிறார்கள். மூன்றாவது, நான் பதினோரு மாசத்துக்கு நடுவில் போனால் அட்வான்ஸ் கிடையாது, ஓனர் மட்டும் ஒரு மாச நோட்டீஸில் என்னை அனுப்பலாம்.

அப்புறம் கடைக்கு வந்தார். உள்ளே போகாமல் நேராக மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டர் பெட்டியிடம் போய் வெள்ளை அட்டையைக் கேட்டார். அந்த இடம் ஒரு காலத்தில் வீட்டின் கார் ஷெட். சர்வீஸ் இன்னமும் வீட்டு இணைப்புக்கான 1ஏ கட்டணத்திலேயே இருந்தது. கடைக்கு வணிகக் கட்டணத்தில்தான் மின்சாரம் எடுக்க வேண்டும், பறக்கும் படை வந்தால் அபராதம் விழும், அந்த நேரத்தில் கடையில் உட்கார்ந்திருப்பது நான்தான். இதை நான் ஏழு ஜென்மம் எடுத்தாலும் கவனித்திருக்க மாட்டேன். இணைப்பை மாற்றித் தந்த பிறகுதான் சாவி, சாவி வாங்கி முப்பது நாள் கழித்துத்தான் வாடகை ஆரம்பம் என்று எழுதச் சொன்னார். தச்சு வேலை நடந்த நாட்களுக்கு நான் வாடகை கொடுக்கவில்லை.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்ததில் ஒரு வங்கிக்கு ஆவணங்களை ஒப்படைத்து ஓனர் கடன் வாங்கியிருப்பது தெரிந்தது. கடன் வாங்குவது தப்பில்லை, ஆனால் அடமானத்தில் இருக்கும் கட்டடத்தை வங்கியைக் கேட்காமல் மூணு வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விட முடியாது, கடன் பத்திரத்தில் அதற்கும் தடை இருக்கலாம். அதனால் மூணு வருஷத்தில் நிறுத்திக்கொண்டு வங்கியிடமிருந்து சம்மதக் கடிதமும் கேட்கச் சொன்னார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, ஓனரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த விதம். ஒரு பக்கத்தில் ஆறு விஷயம் தமிழில் எழுதிக் கொடுத்தார், எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதையும் சேர்த்து. ஓனர் ரிட்டயரானவர், நல்ல மனுஷர். "ரிஜிஸ்டர் ஆபீஸெல்லாம் எதுக்கும்மா, நாங்க என்ன அப்படிப்பட்ட ஆளா?" என்று முகம் சுருங்கிப்போய்க் கேட்டார். "உங்களை நம்பித்தான் ஐயா வர்றேன். நாளைக்கு உங்க பையன் வந்து பார்த்தாலும் நாம என்ன பேசினோம்னு தெரியணும்ல" என்றேன், வக்கீல் அம்மா சொல்லிக்கொடுத்தபடியே. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் காபி போடச் சொன்னார். அட்வான்ஸ் ஆறு மாசம், வருஷத்துக்கு 5 சதவீத உயர்வு (22,000, பிறகு 23,100, பிறகு 24,255), ஒரு வருஷத்துக்குப் பிறகு ரெண்டு மாச நோட்டீஸ் கொடுத்து நான் விலகலாம், நான் வாடகை பாக்கி வைக்காதவரை மூணு வருஷம் அவர் கிளப்ப முடியாது. பதிவுச் செலவு பாதிப் பாதி, காலி பண்ணும்போது பெயின்ட் என் செலவு. என் ரேக், ஏசி பட்டியல் போட்டோவோடு பின்னிணைப்பாக இருக்கிறது. வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் தனியாகப் பதிவு செய்வதும் முடிந்தது, சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேறு இது வேறு என்பதே பல பேருக்குத் தெரியாது.

ஐப்பசி மழையில் பின்மூலை ஒழுகி ஒரு அட்டைப்பெட்டி ஃப்ராக் நனைந்தது. கூரை ரிப்பேர் ஓனருடையது, எழுத்தில் சொல்லி 15 நாளில் செய்யாவிட்டால் நானே செய்து வாடகையில் கழிக்கலாம் என்று அக்ரிமெண்டில் இருக்கிறது. போட்டோ அனுப்பினேன், நாலாம் நாள் கொத்தனார் வந்துவிட்டார். சண்டையே இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். திருத்திய பேப்பர் கைக்கு வர ஒன்பது நாள் ஆனது, புரோக்கர் போனை எடுக்கவே பயந்துகொண்டிருந்தேன். ஜி.எஸ்.டி. பற்றி வக்கீல் அம்மா வாயே திறக்கவில்லை. ஓனர் ஜி.எஸ்.டி.யில் பதியாதவராக இருந்து நாம் பதிந்திருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் கடை வாடகைக்கு 18 சதவீதத்தை நாமே கட்ட வேண்டும், என் வாடகைக்கு மாசம் 3,960. காம்போசிஷனில் (சின்ன வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதம் மட்டும் கட்டும் ஜி.எஸ்.டி. முறை) இருப்பவர்களுக்கு 2025 ஜனவரியில் விலக்கு கொடுத்துவிட்டதால் நான் தப்பித்தேன், அதைச் சொன்னது ஆடிட்டர். இந்தக் கேள்வியை வக்கீல் அம்மாவிடம் நீங்களே கேட்டுவிடுங்கள்.

அவரிடம் போகும்போது, ஓனர் கொடுத்த பேப்பர், சொத்துவரி ரசீது, ஈபி அட்டையின் போட்டோ மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன், மற்ற நாட்களில் மாலை ஆறு மணிக்கு மேல் போனால் நிதானமாகப் பேசுகிறார்.