கெளுத்திக்கு வீட்டில் செய்யும் மிதவைத் தூண்டில்: பாட்டில், கேன், நுரைக்குழல் – ஒரு மதிப்புரை

தண்ணீரில் விட்டுவிட்டுப் பிறகு வந்து பார்க்கும் மிதவைத் தூண்டிலைக் கெளுத்திக்காக வீட்டிலேயே செய்துகொள்பவர்கள் பெரும்பாலும் மூன்று பொருள்களில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள். குளிர்பானம் வந்த 2 லிட்டர் பாட்டில், பாலோ சலவைத் திரவமோ வந்த கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் கேன், நீச்சல் குளத்தில் பிடித்துக்கொண்டு மிதக்கும் நுரைக்குழல் ஆகியவை அவை. மூன்றையும் செய்து, ஏரியிலும் ஆற்றிலும் விட்டுப் பார்த்த பிறகு எழுதும் மதிப்புரை இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நுரைக்குழலின் நடுவே பி.வி.சி. குழாயைச் செருகிச் செய்யும் மிதவையே மற்ற இரண்டையும்விட மேலானது. மீன் கடித்த செய்தியைத் தொலைவிலிருந்தே நமக்குக் காட்டிவிடும் குணம் அதற்கு மட்டுமே உண்டு.

மிதவையிடம் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால்தான் இந்தத் தீர்ப்பு விளங்கும். தூண்டில் கழியைக் கையில் பிடித்திருப்பவர், மீன் கடித்ததும் சுண்டி இழுத்து முள்ளை ஏற்றுகிறார். இங்கே அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. இரையைக் கவ்விய கெளுத்தி ஆழத்துக்குத் திரும்பும்போது, கீழே போக மறுக்கும் மிதவையின் எதிர்ப்புதான் முள்ளை அதன் வாயோரத்தில் பதிய வைக்கிறது. 2 லிட்டர் பாட்டிலை முழுவதும் தண்ணீருக்குள் அமிழ்த்த ஏறக்குறைய 2 கிலோ விசை தேவை. விரல் நீளத்துக்கு மேல் கொஞ்சம் வளர்ந்த சிறு கெளுத்திக்கு இது அதிகம். பெரிய நீலக் கெளுத்திக்கோ இது ஒரு பொருட்டே இல்லை. 2011-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் தூண்டிலில் பிடிபட்டு உலகச் சாதனையான நீலக் கெளுத்தியின் எடை 143 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 65 கிலோ. அப்படிப்பட்ட மீனை எந்த மிதவையும் நிறுத்தி வைக்காது. முழுகி முழுகி எழுந்து மீனைக் களைப்படையச் செய்வதும், எழும் ஒவ்வொரு முறையும் நம் கண்ணில் படுவதும்தான் மிதவையால் ஆகக்கூடியவை.

குளிர்பானப் பாட்டிலிலிருந்து தொடங்குகிறேன். இதைச் செய்ய எந்தக் கருவியும் வேண்டாம். கழுத்தில் மூடிக்குக் கீழே உள்ள வளையத்தை ஒட்டிக் கயிற்றைக் கட்டினால் முடிச்சு நழுவாது. மூடியின் உள்பக்கம் பசை தடவி இறுக்கிவிட்டால் காற்று வெளியேறாது. ஆனால் பாட்டில் செய்யப்படும் பெட் பிளாஸ்டிக்கின் அடர்த்தி தண்ணீரைவிட அதிகம், சுமார் 1.38. உள்ளே அடைபட்ட காற்று இருக்கும் வரையில்தான் அது மிதவை. பாறையில் உரசி ஒரு சிறு ஓட்டை விழுந்தால், தண்ணீர் மெல்ல மெல்லப் புகுந்து, கயிறு, முள், அதில் மாட்டிய மீன் எல்லாவற்றோடும் அடியில் போய்விடும். உருளை வடிவமாக இருப்பதால் காற்றில் உருண்டுகொண்டே இருந்து கயிற்றைத் தன்மேல் சுற்றிக்கொள்வது இன்னொரு குறை. கண்ணாடிபோல் தெளிவான பாட்டில் வெயில் பளபளக்கும் நீர்ப்பரப்பில் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. வெளிப்புறம் அடிக்கும் பெயிண்ட் சீக்கிரமே உரிந்துவிடும் என்பதால், உள்ளே சிறிது ஊற்றிக் குலுக்கிக் காயவைப்பது மேல். முதன்முதலாகச் செய்து பார்ப்பவருக்கு, அலையில்லாத சிறிய ஏரியில், இந்தப் பாட்டில் போதும். அதற்கு மேல் இதை நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன்.

கைப்பிடி வைத்த கேன்களில் பால் கேனையும் சலவைத் திரவக் கேனையும் ஒன்றாகப் பேசக் கூடாது. இரண்டும் எச்.டி.பி.இ. என்ற ஒரே வகைப் பிளாஸ்டிக்தான். அதன் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றுக் குறைவு, ஆகவே ஓட்டை விழுந்தாலும் பாட்டிலைப்போல அப்படியே மூழ்கிவிடாது. ஆனால் பால் கேனின் சுவர் மெல்லியது, மூடி வெறுமனே அழுத்திப் பொருத்துவது, வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்குகிறது. சலவைத் திரவக் கேன் தடிமனானது. திருகு மூடியும் பளிச்சென்ற நிறமும் ஏற்கெனவே இருக்கின்றன. படகிலிருந்து கொக்கிக் கழியை நீட்டிக் கைப்பிடியில் மாட்டி இழுப்பது எளிது. அதன் உள்ளே சோப்பு மணம் மிச்சமில்லாமல் பல முறை அலச வேண்டும். கெளுத்தியின் மீசையில் மட்டுமல்லாமல் உடம்பின் தோல் முழுவதும் சுவை மொட்டுகள் பரவியிருக்கின்றன. நாம் கவனிக்காத வாடையும் அதற்குத் தெரியும். இந்தக் கேனின் தீராத குறை, காற்று. தண்ணீருக்கு மேலே நிற்கும் பாகம் பெரிதாக இருப்பதால், காற்று வீசும் நாளில் பாய் விரித்ததுபோல ஓடிவிடும். இரை அடியில் தங்காமல் இழுபடும். நீரோட்டத்தின் வேகத்துக்கே மிதக்க வேண்டிய தூண்டில், காற்றின் வேகத்துக்குப் போனால் மீன் அதைத் துரத்த வேண்டியிருக்கும்.

நுரைக்குழலுக்கு இந்தச் சங்கடங்கள் எதுவும் இல்லை. மூடிய நுண்ணறைகள் கொண்ட பாலிஎத்திலீன் நுரை என்பதால், கத்தியால் வெட்டினாலும் முள் குத்தினாலும் தண்ணீரை உறிஞ்சாது. தண்ணீரோடு படிந்து கிடப்பதால் காற்றுக்குப் பிடி கொடுக்காது. மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று எந்த நிறத்திலும் கிடைக்கும். வெறும் குழலை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அதன்மேல் கயிற்றைச் சுற்றி விடுவோரும் உண்டு. அதுவும் மீன் பிடிக்கும். ஆனால் மீன் கடித்ததா இல்லையா என்று அறிய ஒவ்வொன்றின் அருகிலும் படகைக் கொண்டுபோக வேண்டும். அந்த அலைச்சலைத்தான் உள்ளே செருகும் குழாய் தீர்த்து வைக்கிறது.

செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அரை அங்குல பி.வி.சி. குழாயில் 60 செ.மீ. நீளம் வெட்டிக்கொள்ள வேண்டும். குழாயின் ஒரு முனையில் எண்டு கேப் (முனை மூடி) ஒன்றைப் பசை தடவி ஒட்டிவிட்டு, உள்ளே தடையின்றி ஓடக்கூடிய 12 மி.மீ. கனமும் 10 செ.மீ. நீளமும் உள்ள இரும்புக் கம்பித் துண்டு ஒன்றைப் போட்டு, மறுமுனையையும் அதேபோல் மூட வேண்டும். பசை ஒரு நாள் முழுவதும் காய்ந்த பிறகே தண்ணீரைக் காட்டலாம். 30 செ.மீ. நீள நுரைக்குழலை ஒரு முனையோடு ஒட்டினாற்போல் செருகி, மறுபாதிக் குழாயை வெறுமையாக விட வேண்டும். குழலின் துளை சற்றுத் தளர்வாக இருந்தால் குழாய்மேல் ஒட்டுப்பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றினால் இறுகிவிடும். நுரை இருக்கும் முனையில் ரிஃப்ளெக்டர் டேப்பை அகலமாகச் சுற்ற வேண்டும். கயிற்றை வெறும் முனையில் கட்ட வேண்டும். முடிச்சு நழுவாமல் இருக்க எண்டு கேப்பின் விளிம்புக்கு உட்பக்கமாகக் கட்டி, ஒரு கேபிள் டையால் இறுக்கினால் போதும். குழாயைத் துளைத்துக் கயிறு கோப்பவர்கள் அந்தத் துளை வழியே தண்ணீரையும் உள்ளே அழைக்கிறார்கள்.

நீரில் விடும்போது குழாயைச் சாய்த்துக் கம்பித் துண்டை நுரை முனைக்குச் சரியவிட்டு, குழாயைப் படுத்த நிலையில் மெல்ல இறக்க வேண்டும். மீன் கயிற்றைக் கீழே இழுத்ததும் வெறும் முனை அமிழ்கிறது. உள்ளே இருக்கும் கம்பி 'டக்'கென்ற ஓசையோடு அந்த முனைக்குச் சறுக்கி இறங்குகிறது. குழாய் நிமிர்ந்து நிற்கிறது. கம்பியின் எடை அடியில் போய்விட்டதால், மீன் இரையைத் தின்றுவிட்டுத் தப்பிப் போயிருந்தாலும் மிதவை மறுபடி படுப்பதில்லை. படுத்திருக்கும் மிதவைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் நிற்பது பகலில் நுரையின் நிறத்தாலும், இரவில் டார்ச் வெளிச்சம் பட்டதும் மின்னும் டேப்பாலும் கரையிலிருந்தே தெரிகிறது. எதை மீன் கடித்திருக்கிறது, எதைத் தொடாமல் விடலாம் என்பதைப் படகை நகர்த்துமுன் முடிவு செய்யலாம். இந்த ஒரு வசதிக்காகவே மற்ற இரண்டு வகைகளை நான் ஒதுக்கிவைக்கத் தயார்.

இதிலும் ஒரு நுட்பம் தவறினால் எல்லாம் கெடும். இரையைக் கீழே இறக்கக் கயிற்றில் கட்டும் ஈயக்குண்டின் எடை அதிகமானால், மீனே இல்லாமல் குண்டின் பாரத்திலேயே குழாய் நிமிர்ந்துவிடும். அந்த மிதவை சொல்வது பொய்ச் செய்தி. எனவே கயிறு, குண்டு, முள் அனைத்தையும் மாட்டி, கரையோரத்தில் ஒருமுறை மிதக்க விட்டுப் பார்க்க வேண்டும். எழுந்து நின்றால் குண்டைக் குறைக்கலாம், அல்லது நுரையை வெறும் முனைப் பக்கமாக இன்னும் சில செ.மீ. நீட்டலாம். ஓரிடத்திலேயே நங்கூரமிட்டு நிறுத்துபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை; பாரம் தரையில் கிடக்க, கயிறு தளர்ந்து இருக்குமாறு நீளம் விட்டால் போதும்.

கயிற்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது. முதன்மைக் கயிறாக மெல்லிய தங்கூஸ் நரம்பைக் கட்டுபவர்கள் உண்டு. அது சுருள் பழக்கத்தை விடாது, சிக்கு விழும், பெரிய மீன் இழுக்கும்போது உள்ளங்கையை அறுக்கும். தார் பூசிய முறுக்கு நைலான் கயிறு தொடுவதற்குச் சற்று விறைப்பாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். அந்த விறைப்புதான் அதைச் சிக்காமல் காக்கிறது, அந்தப் பிசுபிசுப்புதான் நுரைமேல் சுற்றும்போது வழுக்காமல் உட்காரச் செய்கிறது. முதன்மைக் கயிற்றிலிருந்து முள்ளுக்குப் போகும் கிளைக்கு மட்டும் 20 கிலோவுக்குக் குறையாத இழுவிசை தாங்கும் தங்கூஸ் நரம்பைப் பயன்படுத்தி, இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சுவிவல் (சுழலும் இணைப்பு) வைத்தால், மாட்டிய கெளுத்தி உடம்பைச் சுழற்றும்போது கயிறு முறுக்கேறாது. முள்ளைப் பொறுத்தவரை நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்தான் இந்தத் தூண்டிலுக்குப் பொருத்தம். சுண்டி இழுக்க ஆளில்லாமலே, மீன் திரும்பி நகரும்போது தானாக வாயோரத்தில் சிக்கும் அமைப்பு அது. தொண்டைக்குள் போவது அரிது என்பதால் சிறிய மீனைப் பெரிய காயமின்றித் திருப்பி விடவும் முடியும். இரையை மாட்டும்போது முள்ளின் நுனி வெளியே தெரிய வேண்டும். இரைக்குள் புதைந்த வட்ட முள் எதையும் பிடிக்காது.

இரை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கக் கெளுத்தி வகைகளில் சானல் கெளுத்திக்கும் நீலக் கெளுத்திக்கும் எண்ணெய்ப் பசையுள்ள மீனைப் புதிதாக வெட்டிய துண்டு போதும். தட்டைத்தலைக் கெளுத்தி உயிருள்ள மீனையே விரும்பும். கோழி ஈரல் மணமுள்ளதுதான், ஆனால் மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறும்போது முள்ளைவிட்டுக் கழன்றுவிடுகிறது. ஆழத்தில்தான் கவனம் தேவை. கோடையில் ஆழமான ஏரிகளின் அடிநீர் மேல்நீரோடு கலக்காமல் பிரிந்து நின்று, ஆக்சிஜன் குறைந்துபோகும். அந்த அடுக்குக்குள் இரையை இறக்கினால் எவ்வளவு நேரம் கிடந்தாலும் தொட மீன் வராது. குழலில் சுற்றிய கயிற்றை வேண்டிய அளவு மட்டும் அவிழ்த்து, ரப்பர் பேண்டால் பிணைத்துவிட முடிவதால், ஆழத்தை நாளுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதியும் நுரைக்குழலுக்கே அதிகம்.

கடையில் விற்கும் தயார் மிதவைகளையும் குறிப்பிட வேண்டும். நான் பார்த்தவற்றில் நுரையும் குழாயும் ஒழுங்காகவே இருந்தன; கூட வந்த கயிறு மெல்லியதாகவும் முள் தரம் குறைந்ததாகவும் இருந்தன. அவற்றை மாற்றியே ஆக வேண்டும் என்றால், மிச்சமுள்ள இரண்டையும் வீட்டில் செய்துகொள்வதே மேல்.

மிதவையை எடுக்கப் போகும்போது கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. படகைக் கண்டதும் களைத்த கெளுத்தியும் ஒருமுறை பாயும். குழலைப் பிடித்து, கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்து, மீனின் கீழே கைவலையைக் கொடுக்க வேண்டும். முதுகுத் துடுப்பிலும் இரு பக்கத் துடுப்புகளிலும் உள்ள கூரிய முட்கள் குத்தினால் கடுகடுப்பு நெடுநேரம் இருக்கும். இந்த முறை பரவலாக உள்ள அமெரிக்க மாநிலங்களில் எத்தனை மிதவை விடலாம், எத்தனை முள் கட்டலாம், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. பல இடங்களில் உரியவரின் பெயரும் முகவரியும் ஒவ்வொரு மிதவையிலும் இருந்தாக வேண்டும். நுரைமேல் எழுதிய மை நிற்காது என்பதால் வெறும் குழாய்ப் பகுதியில் அழியாத மையால் எழுதி, அதன்மேல் தெளிவான ஒட்டுப்பட்டையைச் சுற்றிவிடுவது நல்லது. அதன் பக்கத்திலேயே வரிசை எண்ணையும் எழுதி, விடும்போது குறித்துக்கொண்டு, எடுக்கும்போது ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால், கரைக்குத் திரும்புமுன் எந்த எண் இன்னும் தண்ணீரில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அதைத் தேடி எடுக்காமல் போனால், இரை தீர்ந்த பிறகும் அந்த முள் மீனையும் ஆமையையும் பறவையையும் மாட்டிக்கொண்டே இருக்கும்.