‘இது ஏற்கெனவே வந்த சீன்தானே?’ – டிவி ட்ரோப்ஸ், ஒரு வசனகர்த்தாவின் பார்வையில்

சின்னத்திரைத் தொடர்களுக்கு வசனம் எழுதுவது என் தொழில். சாலிகிராமத்தில் ஒரு மாடி அறை, நடுவில் மேஜை, சுற்றிலும் ஐந்தாறு பேர், ஃபிளாஸ்க்கில் டீ. கதை டிஸ்கஷன் என்றால் இவ்வளவுதான். அந்த அறையில் அடிக்கடி விழுகிற வாக்கியம், ‘இது ஏற்கெனவே வந்த சீன் சார்.’ அப்படி ஒருவர் சொல்லிவிட்டால் அந்தக் காட்சியின் கதை முடிந்தது. எங்கே வந்தது, எந்த வகையில் அதே காட்சி என்று யாரும் கேட்பதில்லை. நல்ல காட்சிகள் இப்படிப் போவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. டிவி ட்ரோப்ஸ் என்ற ஆங்கிலத் தளத்தை நான் விடாமல் பயன்படுத்துவது இந்த ஒரு வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்கத்தான். எழுத வருகிற தம்பி தங்கைகள் அதைப் பற்றி என்னிடம் கேட்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

2004இல், ‘பஃபி த வேம்பயர் ஸ்லேயர்’ என்ற அமெரிக்கத் தொடரின் ரசிகர்களிடையே தொடங்கிய தளம் இது. பிறகு நாவல், காமிக்ஸ், அனிமே, வீடியோ கேம், பழைய காவியங்கள் என்று எல்லாவற்றுக்கும் பரவியது. விக்கிப்பீடியா மாதிரி வாசகர்களே எழுதித் திருத்துகிறார்கள். படிக்கக் காசு கிடையாது, விளம்பரம் வரும். கதை சொல்பவர் கையாளும் ஓர் உத்தியை, பார்ப்பவருக்கும் உடனே புரிந்துவிடும் என்ற நம்பிக்கையில் கையாண்டால் அது ட்ரோப். ட்ரோப் என்றாலே தேய்ந்த சமாசாரம் என்று அர்த்தமில்லை. இதை அந்தத் தளமே வலியுறுத்திச் சொல்கிறது. நம் டிஸ்கஷன் அறைகளில் இன்னும் போய்ச் சேராத சேதி அதுதான்.

உதாரணம் ஒன்றை விவரமாகவே சொல்கிறேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்த ஒரு கதையில் நாயகன் நாமக்கல்லில் லாரி வைத்து ஓட்டுபவன். மனைவி பெயர் மலர். எட்டாவது எபிசோடில் அவள் விபத்தில் இறந்துபோகிறாள். அது கொலை என்று நாயகனுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் உதவி இயக்குநர் தம்பி சொன்னான்: ‘அக்கா, இது ஃப்ரிட்ஜ்ல வைக்கிற கதை. ஹீரோவுக்குக் கோபம் வரணும்னு பொண்டாட்டியைக் கொல்றோம். இப்பல்லாம் திட்டுவாங்க.’

அவன் சொன்ன ஃப்ரிட்ஜுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1994இல் வந்த ‘கிரீன் லேன்டர்ன்’ காமிக்ஸ் இதழ் ஒன்றில் நாயகன் வீட்டுக்கு வருகிறான். வில்லன் அவனுடைய காதலியைக் கொன்று குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். 1999இல் கெயில் சிமோன் (பின்னாளில் அவரே பெயர்பெற்ற காமிக்ஸ் எழுத்தாளர் ஆனார்) அந்தக் காட்சியின் பெயரிலேயே ஒரு பட்டியல் வெளியிட்டார். காமிக்ஸில் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண்களின் பட்டியல். அதிலிருந்து வந்த பெயர் இன்று எந்தக் கதையில் எந்தப் பெண் செத்தாலும் ஒட்டப்படுகிறது.

டிவி ட்ரோப்ஸில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் வரையறை கறாராக இருக்கிறது. சாவு கொடூரமாக இருக்க வேண்டும். உடலை இன்னொருவர் கண்டு துடிக்கட்டும் என்றே விட்டுவைத்திருக்க வேண்டும். மலர் விஷயத்தில் இரண்டும் இல்லை. லாரி கவிழ்ந்தது, போலீஸ் விபத்து என்று எழுதிவிட்டது, அவ்வளவுதான். ஆக, தம்பி சொன்ன பெயர் பொருந்தாது. ஆனால் தளம் அதோடு விடுவதில்லை, பக்கத்து வீட்டையும் காட்டுகிறது. ‘டிஸ்போசபிள் வுமன்’ என்று ஒன்று. நாயகனுக்கு ஒரு காரணம் கொடுப்பதற்காகவே கொஞ்ச நேரம் வந்து, சிரித்து, செத்து, பிறகு மறக்கப்படுகிற பெண். ‘லாஸ்ட் லெனோர்’ என்று இன்னொன்று. எட்கர் ஆலன் போ 1845இல் வெளியிட்ட கவிதை ஒன்றில், இறந்துபோன லெனோரை நினைத்து ஒருவன் புலம்புவான். பெயர் அங்கிருந்து வந்தது. இறந்த பிறகும் கதையை நகர்த்திக்கொண்டே இருக்கிற காதலி என்று பொருள்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எங்கள் கதையின் நோய் பிடிபட்டது. மலர் எழுதிவைத்த டீசல் கணக்கு நோட்டு முப்பதாவது எபிசோடில் நாயகன் கையில் கிடைக்கிறது. யார் திருடுகிறான் என்பதை அந்த நோட்டுத்தான் காட்டிக்கொடுக்கப்போகிறது. அதாவது கதை அவளை லெனோராக நினைக்கிறது. ஆனால் முதல் எட்டு எபிசோடில் அவள் என்ன செய்கிறாள்? காபி கொண்டுவருகிறாள், வாசலில் நின்று ‘சீக்கிரம் வந்துடுங்க’ என்கிறாள். அங்கே அவள் டிஸ்போசபிள்தான். கோளாறு அவள் சாவதில் இல்லை. நோட்டு எழுதுகிறவளாக அவளை ஒரு தடவைகூடப் பார்க்காததில் இருக்கிறது. அதற்கப்புறம் அவளுக்கு நாலாவது எபிசோடில் ஒரு காட்சி வந்தது. ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டிரைவரிடம் கேட்பாள்: ‘அண்ணே, பில்லு எங்க? வாய்க்கணக்கு எனக்கு வேணாம்.’ டிரைவர் சட்டைப்பையைத் தடவுவான். வில்லனோடு முடியப்போகிற கதை அந்தத் தடவலில் தொடங்குகிறது.

இந்தத் தளம் செய்யும் உதவி இது. இரண்டு காட்சிகள் பார்க்க ஒரே மாதிரி இருப்பதும், கதைக்குள் ஒரே வேலையைச் செய்வதும் வெவ்வேறு விஷயங்கள். வரையறையை நிதானமாகப் படித்தால் அந்த வேறுபாடு தெரிந்துவிடுகிறது.

‘டேயுஸ் எக்ஸ் மாகினா’ (‘பொறியிலிருந்து வரும் கடவுள்’ என்று பொருள்) பக்கமும் அப்படித்தான். கிரேக்க நாடக மேடையில் கடவுளைப் பொறி வைத்துத் தூக்கிக் காட்டுவார்கள். கி.மு. 431இல் மேடையேறிய ‘மெடியா’வில், பெற்ற பிள்ளைகளைக் கொன்ற மெடியா சூரியக் கடவுளின் ரதத்தில் ஏறித் தப்பிவிடுகிறாள். முடிச்சு கதைக்குள்ளிருந்தே அவிழ வேண்டும், பொறியிலிருந்து அல்ல என்று அரிஸ்டாட்டில் இந்த நாடகத்தைச் சொல்லியே குறைபட்டார். அப்படியானால் நம் அம்மன் படங்களின் கிளைமாக்ஸ்? அம்மன் வந்து மந்திரவாதியை வதம் செய்வது இந்த ட்ரோப்தான் என்று படித்தவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். தளத்தின் வரையறையை வைத்துச் சோதியுங்கள். சிக்கலைத் தீர்க்கிறதா? தீர்க்கிறது. வேறு வழியே இல்லாத நிலைமையா? ஆமாம். எதிர்பாராமல் வருகிறதா? அங்கேதான் இடிக்கிறது. அம்மன் டைட்டிலிலேயே இருக்கிறாள். முதல் ரீலில் கோயில், நடுவில் வேப்பிலை, பாம்பு, சாமியாட்டம். தியேட்டரில் இருப்பவர்கள் அவள் எப்போது வருவாள் என்றுதான் காத்திருக்கிறார்கள். பக்தை கூப்பிட்டால் அம்மன் வருவாள் என்பது அந்தக் கதையுலகத்தின் சட்டம். எனவே என் கணக்கில் அது பொருந்தாது. அதே அம்மன் ஒரு போலீஸ் கதையின் கடைசி எபிசோடில் திடீரென்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பொருத்திவிடலாம்.

ட்ரோப்பைக் கையாளும் விதங்களுக்கும் தனிப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். இதில் ‘சப்வெர்ட்’, ‘அவெர்ட்’ இரண்டையும் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். கால் இடறி விழப்போகும் நாயகியை நாயகன் இடுப்பில் கைகொடுத்துத் தாங்குகிறான், காற்று வீசுகிறது, பின்னணி இசை. இது நேரடியான பிரயோகம். அவள் இடறுகிறாள், அவன் கை நீட்டுகிறான், இசையும் தொடங்குகிறது, ஆனால் அவள் தொப்பென்று தரையில் விழுகிறாள் என்றால் அது சப்வெர்ட். எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டு ஏமாற்ற வேண்டும். யாருமே இடறவில்லை என்றால் அவெர்ட். எங்கள் அறையில் ‘சார், இதை சப்வெர்ட் பண்ணிட்டோம்’ என்று பெருமையாகச் சொல்லப்படுபவற்றில் பாதி, வெறுமனே அந்தக் காட்சியை எழுதாமல் விட்டவை. ஏற்றிவிடாமல் ஏமாற்ற முடியாது. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே புதிதாக எழுத வருபவர்களை அந்தப் பக்கத்துக்கு அனுப்புகிறேன்.

அப்புறம் அவர்களுடைய விதி ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு படத்தின் பெயரையும் ட்ரோப்பின் பெயரையும் மட்டும் எழுதிவிட்டுப் போவது செல்லாது. யார், எந்தக் கட்டத்தில், என்ன செய்வதால் அது பொருந்துகிறது என்று விளக்க வேண்டும். ‘எனக்கு அப்படித் தோன்றியது’ என்பதற்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு பாத்திரம் எரிச்சல் தருகிறது, ஒரு காட்சியில் அழுகை வருகிறது போன்ற பார்வையாளர் உணர்வுகளெல்லாம் அங்கே போய்விடும். கதைக்குள் இருப்பதும் நமக்குள் நடப்பதும் கலக்காமல் பார்த்துக்கொள்வது பெரிய ஒழுங்கு.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த வழக்கு புதிதில்லை. சங்கப் பாட்டான நெடுநல்வாடையை எடுத்துக்கொள்ளுங்கள். வாடைக்காற்றில் அரண்மனைக்குள் தலைவி பிரிவால் வாடுகிறாள். பாசறையில் அரசன் நள்ளிரவிலும் தூங்காமல், முன்னே நடப்பவன் வேலால் சுட்டிக்காட்ட, புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு போகிறான். யார் பெயரும் சொல்லப்படவில்லை. பிரிவும் காத்திருப்பும் இருப்பதால் அகம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த வேலில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். அகப்பாட்டில் ஒருவரைச் சுட்டிப் பெயர் கூறக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. அடையாளப் பூவைச் சொன்னதே ஆளைச் சுட்டியதற்குச் சமம் என்று எடுத்துக்கொண்டு, உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இது புறம் என்றார். 188 அடிகளில் ஒரு சொல்லைப் பிடித்து வகை முடிவாகிறது. அந்த முடிவை ஏற்காமல் அகம் என்றே வாதிட்டவர்களும் உண்டு. ஒரு காட்சி எந்த வகை என்று தீர்மானிக்க எவ்வளவு உன்னிப்பாகப் படிக்க வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல பாடம் கிடைத்ததில்லை. டிவி ட்ரோப்ஸில் வரையறையை வைத்து ஒரு காட்சியை அடி அடியாகப் பார்க்கும்போது நான் செய்வதும் அதே வகை வேலைதான்.

சரி, குறைகள். வரையறைகள் அளவுக்கு உதாரணங்கள் உறுதியானவை இல்லை. பலர் கைவைக்கும் இடம் என்பதால் சில பக்கங்களில் நெருக்கமான உதாரணமும் இழுத்துப் பொருத்தியதும் அடுத்தடுத்து நிற்கும். எனவே உதாரணப் பட்டியலை ஆதாரமாக எடுத்துக்கொண்டு டிஸ்கஷனில் சண்டை போடாதீர்கள். பெயர் கவர்ச்சியாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ‘மேனிக் பிக்ஸி ட்ரீம் கேர்ள்’ என்ற பெயரை 2007இல் ஒரு படத்தின் நாயகியைப் பற்றி எழுதும்போது நேதன் ராபின் என்ற விமர்சகர் உருவாக்கினார். சோர்ந்துபோன ஆணுக்கு வாழக் கற்றுத்தருவதற்கென்றே படைக்கப்பட்ட துறுதுறுப் பெண். துறுதுறுப்பான பெண் யாராக இருந்தாலும் அந்தப் பெயர் ஒட்டப்படுவதைப் பார்த்து, 2014இல் அவரே வருத்தம் தெரிவித்து எழுதினார். நம் ஊரில் ‘லூசுப்பொண்ணு ஹீரோயின்’ என்று திட்டுகிறோமே, அவளையும் இதில் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்த நாயகி யாருக்கும் எதையும் கற்றுத்தருவதில்லை. நாயகனும் சோர்ந்துபோனவன் இல்லை, அவளைப் பார்த்துச் சிரிக்கிறவன். அவளுக்கு விவரம் தெரியாது என்பதில்தான் அந்தக் காதலே நிற்கிறது. அது வேறு சிக்கல், அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

தமிழ்ப் படைப்புகள் அங்கே குறைவு, எங்களுடைய நெடுந்தொடர்கள் அதைவிடக் குறைவு. கதவோரம் நின்று பாதிப் பேச்சைக் கேட்டுத் தப்பாகப் புரிந்துகொள்வது, சீமந்தத்தன்று உண்மை வெடிப்பது, தாலி பிரிந்து விழுவதற்குள் வெள்ளிக்கிழமை எபிசோடை ஃப்ரீஸ் பண்ணுவது என்று எங்களிடம் தினம் புழங்கும் உத்திகளை இதே கறாரோடு யாராவது தமிழில் வரையறுக்க வேண்டும் என்பது என் ஆசை. எழுத்து முழுக்க ஆங்கிலம், அதிலும் அமெரிக்கத் தொடர் ரசிகர்களின் உள்வட்டப் பேச்சு நிறைய. பார்க்காத படத்தின் முடிவு தெரிந்துவிடும் அபாயமும் உண்டு. சாவு, திருப்பம் சம்பந்தப்பட்ட பக்கங்களில் முடிவுகள் மறைக்கப்படாமல் கிடக்கும். ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போய் ராத்திரி கழிந்துவிடுவதைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், அதுவும் உண்மை.

இருந்தாலும் கதை எழுதுகிறவர்கள், விமர்சனம் எழுதுகிறவர்கள், கல்லூரியில் காட்சி ஊடகம் படிக்கிறவர்கள் அனைவருக்கும் தயங்காமல் சிபாரிசு செய்வேன். போகும்போது ஒரு காட்சியோடு போங்கள். முதலில் அந்தக் காட்சியில் நடப்பதை நாலு வரியில் உங்கள் சொல்லிலேயே எழுதிவையுங்கள். பிறகு நீங்கள் சந்தேகப்படும் ட்ரோப்பின் வரையறையை மட்டும் படியுங்கள், உதாரணங்களுக்கு இறங்க வேண்டாம். வரையறையின் ஒவ்வொரு நிபந்தனைக்கும் உங்கள் நாலு வரியில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்திலேயே சொல்லியிருக்கும் அண்டை ட்ரோப்களைத் திறந்து பாருங்கள். கைப்பேசியைவிடக் கணினியில் பார்ப்பது வசதி, இரண்டு வரையறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைக்கலாம்.