பிறந்த குழந்தைக்குப் பிராம் (குழந்தை வண்டி) வாங்கப் போகிறீர்களா? விலை ஸ்டிக்கருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்கள் இதைப் பொறுமையாக வாசியுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவில், பாறசாலை தாண்டி ஒரு பெரிய குழந்தைப் பொருள் கடையில், பிறந்த குழந்தைக்கு என்று சொல்லி எங்களுக்கு ஒரு பிராம் விற்றார்கள். அது ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்காகச் செய்த வண்டி. தயாரித்த கம்பெனியே லேபிளில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. அந்த வரியின் மேல் கடைக்காரர்கள் தங்கள் விலை ஸ்டிக்கரை ஒட்டி மறைத்திருந்தார்கள். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

ஓணம் சமயம். திருவனந்தபுரத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழி. கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு தாலுகாக்காரர்களான எங்களுக்கு ஆஸ்பத்திரி, ஜவுளி எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கம் போவது பழக்கம்தான். 1956 நவம்பர் 1 வரை எல்லாம் ஒரே மாநிலமாக இருந்த ஊர்கள். மலையாளமும் எங்களுக்குப் புரியும். அதனால் பேச்சில் எந்தக் குழப்பமும் இல்லை. பிள்ளைக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மல்லாக்கப் படுக்க வைக்கிற மாதிரி வண்டி வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். விற்பனைப் பையன் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து, "ஜனிச்ச அன்னு முதல் கிடத்தாம் சேச்சி, ஒரு குழப்பவும் இல்ல" என்றான். பிறந்த நாள் முதலே கிடத்தலாம், ஒரு பிரச்சினையும் இல்லை என்று அர்த்தம். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். உடனே காட்டினான்.

அந்த முத்திரை இருந்த இடம் வண்டி இல்லை. குழந்தை பார்த்துச் சிரிக்கட்டும் என்று முன்னால் தொங்கவிட்ட கிலுகிலுப்பையில் இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கிற விளையாட்டுப் பொருள்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆகவே கிலுகிலுப்பையில் அது இருக்கத்தான் செய்யும். அந்த முத்திரை வண்டியின் பிரேக்குக்கோ சீட்டுக்கோ பெல்ட்டுக்கோ பொறுப்பேற்காது. இதை வீட்டுக்கு வந்த பிறகு என் தம்பிதான் விரலை வைத்துக் காட்டினான்.

விலை அட்டையில் 9,990 ரூபாய் அடிக்கப்பட்டு, ஓணம் ஆஃபரில் 6,990 என்று இருந்தது. பணத்தைப் போனில் அனுப்பினோம். பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று போட்ட ஒரு துண்டுச் சீட்டு தந்தார்கள். விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது என்று மலையாளத்தில் அதன் மேல் சீல். கூடவே கழுத்துக்கு வைக்க ஒரு குட்டித் தலையணை இலவசம்.

வீட்டில் பிள்ளையைக் கிடத்தியபோது முதுகுப் பக்கம் முழுவதும் சாயவில்லை என்பது தெரிந்தது. பின்னால் ஒரு நாடாவும் ஒரு பிளாஸ்டிக் கொக்கியும்தான். நாடாவை முழுக்கத் தளர்த்தினாலும் சாய்வு நாற்காலி அளவுக்குத்தான் போகிறது. அதற்கு மேல் அந்த இலவசத் தலையணை தலையை இன்னும் முன்னால் தள்ளியது. பிள்ளை தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மாமி, "மக்ளே, பிள்ளைக்க மூச்சு ஒரு மாதிரி கேக்கு, எடு" என்றார்கள். தாடை நெஞ்சில் ஒட்டிக் கிடந்தது. கழுத்து மடிப்பே தெரியவில்லை. ஒவ்வொரு மூச்சும் மூக்கடைத்தது போல ஒரு குறட்டைச் சத்தத்தோடு வந்தது. தூக்கித் தோளில் போட்டதும் சத்தம் நின்றுவிட்டது. அழவே இல்லை. எனக்குப் பயம் வந்தது அதனால்தான்.

டாக்டரிடம் கேட்டபோது விவரமாகச் சொன்னார். பிறந்த குழந்தையின் தலை, உடம்பு நீளத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. அந்தக் கனத்தைப் பிடித்து நிறுத்தும் பலம் கழுத்துக்கு வர மாதங்கள் ஆகும். பாதி உட்கார்ந்த நிலையில் தூங்கினால் தலை முன்னால் விழும், தாடை நெஞ்சில் படும், ஏற்கெனவே குறுகலான மூச்சுக்குழாய் மடங்கும். குழந்தை திமிறாமல், அழாமல் மெல்ல மூச்சுக் குறைந்துபோகலாம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் ஆபத்து இன்னும் அதிகம். தானாக உட்காருகிற வரை, அதாவது பெரும்பாலும் ஆறு மாதம் வரை, வண்டியில் வைத்தால் சமமாக மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும், தலையணை எதுவும் கூடாது என்றார்.

அப்புறம் பிரேக். எங்கள் முற்றம் ரோட்டைப் பார்த்துச் சரிவு, டைல் போட்டது. பிள்ளைக்குப் பதில் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்து, பிரேக்கை மிதித்துவிட்டுக் கையை எடுத்தேன். வலது பின்சக்கரம் மட்டும் பிடித்தது. இடது சக்கரம் உருள, வண்டி அரைவட்டம் அடித்து வாசல் படி வரை போய் நின்றது.

ஸ்டிக்கர் விஷயம் கடைசியில்தான் வெளியே வந்தது. பிள்ளை கக்கிய பாலை ஈரத்துணியால் துடைக்கும்போது கம்பியில் ஒட்டியிருந்த விலை ஸ்டிக்கரின் ஓரம் எழும்பியது. உரித்தால் அடியில் கம்பெனி லேபிள்: 6 மாதம் முதல் 36 மாதம், 15 கிலோ வரை, அதிகபட்ச சில்லறை விலை 5,499. ஆக, ஆஃபர் விலையே எம்ஆர்பியைவிட 1,491 ரூபாய் கூடுதல். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். வயது வரம்பை மறைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தப் பையனுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஒட்டச் சொன்னவருக்குத் தெரியும்.

வண்டியைத் திரும்பக் கொண்டுபோனோம். முதலாளி சீட்டில் இருந்த சீலைக் காட்டினார். நீங்கள் தமிழ்நாடு, இங்கே வந்து கேஸ் நடத்துவீர்களா என்று வாயாலேயே கேட்டார். எல்லையைத் தாண்டி இவர்கள் வரமாட்டார்கள் என்ற அந்தத் தைரியத்தில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

அங்கே போகத் தேவையே இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நமக்கு நாகர்கோவில். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். பில் தராமல் இருப்பதும், பில்லில் கெடு எதுவும் போடாதபோது குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம். கம்பெனி போட்ட எம்ஆர்பியை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டுவது எடையளவுச் சட்ட விதிகளின்படி குற்றம். விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் அப்போதும் பழைய எம்ஆர்பி கண்ணுக்குத் தெரிய வேண்டும். முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணுக்குப் போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம். நான் பேசிய பிறகுதான் கடையில் இருந்து கூப்பிட்டு, வேறு வண்டி மாற்றித் தருகிறோம் என்றார்கள். ஒத்துக்கொள்ளவில்லை. மாற்றிக்கொண்டால் இந்த வண்டி இன்னொரு பிள்ளைக்குப் போகும். ஸ்டிக்கர் படம், லேபிள் படம், பணம் அனுப்பிய ரசீது, பிரேக் வீடியோ எல்லாம் சேர்த்து நாகர்கோவிலில் புகார் கொடுத்திருக்கிறோம்.

கடைக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயம். வண்டியில் பிறந்தது முதல் என்றோ 0+ என்றோ கம்பெனி அச்சடித்திருக்கிறதா என்று நீங்களே வாசியுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். ஈஎன் 1888 என்ற ஐரோப்பியத் தர எண் இருந்தால் நல்லது, ஆனால் அதுவும் லேபிளில் இருக்க வேண்டும், விற்பவர் வாயில் இருந்தால் போதாது. இறக்குமதிப் பொருள் என்றால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் கட்டாயம் இருக்கும். இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். சீட்டை முழுக்கச் சாய்த்து, கையை வைத்துப் பாருங்கள், படுக்கை பாய் போல மட்டமாக இருக்க வேண்டும். பெல்ட் தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, கால் நடுவில் ஒன்று என்று ஐந்து இடத்தில் பிடிக்க வேண்டும். பிரேக்கை மிதித்து, இரண்டு பின்சக்கரத்தையும் தனித்தனியாகத் தள்ளிப் பாருங்கள். மடக்கும்போது கீல் பக்கம் பிள்ளைகளின் விரல் போகாமல் மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். 2009-இல் மக்லாரன் என்ற பிரபல பிரிட்டிஷ் கம்பெனியே இந்தக் கீல் குறைக்காக அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் வண்டிகளுக்கு மூடி கொடுக்க வேண்டிவந்தது. பிள்ளைகளுக்கு விரல் நுனி துண்டான சம்பவங்கள் நடந்திருந்தன.

கைப்பிடியில் காய்கறிப் பை தொங்கவிடாதீர்கள், வண்டி பின்னால் கவிழும். வெயிலுக்குத் துண்டு போட்டு வண்டியை மூடுகிறவர்களும் நம் பக்கத்தில் நிறைய. உள்ளே காற்று ஓடாமல் சூடு ஏறும், நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம்.

இப்போது பிள்ளை வீட்டில் பாயில் படுக்கிறாள், வெளியே போனால் தோளில். அந்த வண்டி பரணில் இருக்கிறது. என் சித்தி மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். சும்மாதானே கிடக்கிறது, தா என்று கேட்டாள். தர முடியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை, அப்புறம் லேபிள் படத்தை அனுப்பினேன், பேசினாள்.