கணீரென்ற ஒலி எத்தனை நாள் நிற்கும்? பேஸ் கித்தார் தந்திகள்: ஓர் ஒப்பீடு

ஆடி மாதத்தில் சேலத்து மாரியம்மன் கோயில் மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு வாசிப்பதும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காட்டுத் தேவாலயத்தில் பாடகர் குழுவோடு வாசிப்பதும் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். இரண்டு இடங்களுக்கும் இடையே இருபது கொண்டை ஊசி வளைவுகள்தான் இருக்கின்றன என்றாலும், பேஸ் கித்தாரின் தந்திகள் மலைமேல் ஒரு விதமாகவும் அடிவாரத்தில் வேறு விதமாகவும் மங்குகின்றன. ஆகவே, எந்தத் தந்தி அதிக நாள் கணீரென்று ஒலிக்கும் என்று இளையவர்கள் கேட்கும்போது ஒரு நிறுவனத்தின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. மாட்டிய முதல் நாளில் தந்தி எவ்வளவு பளிச்சென்று ஒலிக்கிறது என்பது ஒன்று. அந்த நிலையிலிருந்து எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பது மற்றொன்று. கடையில் வாசித்துப் பார்ப்பவருக்கு முதல் கேள்விக்கான விடை மட்டுமே காதில் விழும்.

பேஸ் கித்தாரின் மிகத் தடித்த ‘ஈ’ தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸிலும், மெல்லிய ‘ஜி’ தந்தி 98 ஹெர்ட்ஸிலும் அதிர்கின்றன. நாம் கணீர் என்று சொல்வது இந்த அடிப்படைச் சுரத்தை அன்று; அதற்கு மேலே, ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை அடுக்கடுக்காக எழும் மேற்சுரங்களையே அப்படிச் சொல்கிறோம். தந்தி என்பது ஓர் எஃகு உள்கம்பியின்மேல் இறுக்கிச் சுற்றிய கம்பியாகும். அந்தச் சுற்றுகளுக்கு இடையே உள்ள நுண்ணிய பள்ளங்களில் வியர்வை, தோல் துகள், எண்ணெய்ப் பசை ஆகியவை சென்று அடையும்போது, முதலில் அடங்குவன மேற்சுரங்களே. அழுக்கு ஒரே சீராகப் படியாமல் விரல் அதிகம் படும் இடங்களில் மட்டும் கனத்துவிடுவதால் சுருதியும் தெளிவிழந்து தடுமாறும். சுற்றுகள் மிகுந்த ‘ஈ’ தந்தி முதலில் மங்குவதும், ‘ஜி’ தந்தி நெடுநாள் பிழைத்துக் கிடப்பதும் இதனால்தான்.

போட்டியில் இருப்பவை மூன்று: நிக்கல் முலாம் பூசிய எஃகு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பாலிமர் பூச்சுள்ள தந்தி. உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட் வகையைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன்.

நிக்கல் முலாம் பூசியதுதான் கடைகளில் எளிதில் கிடைப்பது. டாடாரியோவின் 45 முதல் 100 வரையிலான (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) செட்டும், எர்னி பாலின் 50 முதல் 105 வரையிலான செட்டும் பலருக்கும் பழகியவை. விரலுக்கு மென்மை, கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளுக்குக் கருணை, விலையிலும் மிதம் என்பவை இதன் நல்ல பக்கங்கள். தொடக்கப் பளிச்சு நடுத்தரமானது. இறங்கும் வேகமோ அதிகம். சேலத்துச் சித்திரை வெயிலில், மின்விசிறி எட்டாத மேடையில் மூன்று மணி நேரம் வாசித்துவிட்டுத் துடைக்காமல் பைக்குள் வைத்தால், அடுத்த நிகழ்ச்சிக்குள் பாதி ஒலி போயிருக்கும். முலாம் தேய்ந்த இடத்தில் அடியில் உள்ள எஃகு வெளிப்பட்டுத் துருவும் பிடிக்கும்.

ஸ்டெயின்லெஸ் தந்தியின் கதை வேறு. இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனம் 1960-களில், தி ஹூ குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து உருவாக்கிய ரவுண்ட்வவுண்ட் தந்திகள்தான் பியானோ போல ஒலிக்கும் பேஸ் ஓசையைப் பரவச் செய்தன. உருக்காலை உள்ள ஊரில் பிறந்த நமக்கு எவர்சில்வரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். நிக்கல் கலந்த நல்ல ரகப் பாத்திரத்தில் காந்தம் ஒட்டாது. தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப் காந்தத்தால் இயங்குவது என்பதால், தந்திக்குக் காந்தம் ஈர்க்கும் வகை ஸ்டெயின்லெஸ்தான் பயன்படும். குரோமியத்தால் உண்டாகும் மெல்லிய ஆக்சைடு படலம் துருவைத் தடுக்கிறது. பள்ளத்தில் அழுக்கு சேர்வதை அது தடுப்பதில்லை. அப்படியானால் ஸ்டெயின்லெஸ் ஏன் அதிக நாள் நிற்பதாகத் தோன்றுகிறது? அது தொடங்கும் இடமே உயரம் என்பதால்தான். ஒரு மாதம் கழித்து அது இறங்கி வந்து நிற்கும் இடம், நிக்கல் முதல் நாள் நின்ற இடத்துக்கு அருகில் இருக்கும். முதல் வாரத்தின் கூச்சலைப் பொறுத்துக்கொள்பவருக்கு இது நல்ல பேரம். விரல் வழுக்கும்போது எழும் கீச்சொலியும், மென்மையான ஃபிரெட் கம்பிகள் விரைவில் தேய்வதும் இதற்குக் கொடுக்கும் விலையாகும். ஃபிரெட் மாற்றும் செலவைத் தந்திக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. நானும் முதலில் எழுதவில்லை.

மூன்றாவது, பூச்சுத் தந்தி. மழைக்கோட்டுத் துணிக்குப் பெயர் பெற்ற கோர் நிறுவனம் 1990-களில் எலிக்சர் என்ற பெயரில் கொண்டுவந்த தந்திகள் இந்த வகையை உலகறியச் செய்தன. சுற்றி முடித்த தந்தியின்மேல் ஒரு மெல்லிய பாலிமர் உறை படிவதால், பள்ளங்களின் வாயே மூடப்பட்டு அழுக்கு உள்ளே இறங்குவதில்லை. முதல் நாள் ஒலி, பூச்சில்லாத தந்தியைவிட ஒரு நூலளவு தணிந்திருக்கும். ஆனால் வாரக்கணக்கில் அந்த இடத்தைவிட்டு நகராது. பதிவுக்கூடத்தில் தொடங்கிய பாட்டை இரண்டு மாதம் கழித்து அதே ஒலியோடு முடிக்க நினைப்பவருக்கு இதற்கு இணை வேறில்லை. குறையும் உண்டு. பிக் என்னும் சிறு தகட்டால் அடித்து வாசிப்பவர் கையிலும், கட்டைவிரலால் தந்தியைத் தட்டி ஸ்லாப் செய்பவர் கையிலும் உறை கிழிந்து, அந்த இடம் மட்டும் சாதாரணத் தந்தியாகிவிடும். விரல் நுனிக்குக் கிடைக்கும் வழவழப்பும் எல்லோருக்கும் பிடிப்பதில்லை. எனக்குப் பழக ஒரு மாதம் ஆயிற்று. விலை ஏறத்தாழ இரு மடங்கு என்றாலும், வியர்க்கும் கைக்கு அது மும்மடங்கு நாள் உழைத்தால் கணக்கு நேராகிவிடுகிறது.

கோபால்ட் கலந்த தந்திகளையும் சிலர் கேட்கிறார்கள். அவை பிக்கப்போடு வலுவாக வினைபுரிந்து உரத்து ஒலிப்பவை. பூச்சு இல்லாததால் ஆயுளில் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. தட்டைக் கம்பி சுற்றிய ஃபிளாட்வவுண்ட் ஆண்டுக்கணக்கில் மாறாது என்பது உண்மையே. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோடவுனின் பதிவுகளில் வாசித்த பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தால் ஒழியத் தந்தியை மாற்றாதவர் என்று பெயர் பெற்றவர். ஆனால் இழப்பதற்குப் பளிச்சு இல்லாத தந்தியை இந்த ஒப்பீட்டில் நிறுத்துவது முறையாகாது.

மங்கிய தந்தியை மீட்கும் வழிகளையும் ஆயுள் கணக்கில் சேர்த்தாக வேண்டும். வெந்நீரில் கொதிக்கவைப்பது பழைய வழி. சில நாள்களுக்கு ஒலி திரும்பும், ஆனால் சுற்றுக்கும் உள்கம்பிக்கும் இடையே தங்கிய ஈரம் உள்ளிருந்தே துருவை வளர்க்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஓர் இரவு ஊறப்போட்டுத் துடைத்து உலர்த்துவது இதைவிடப் பாதுகாப்பானது. தந்தியைக் கழற்றிய பிறகே இதைச் செய்ய வேண்டும். ஆல்கஹால் கித்தாரின்மேல் சிந்தினால் மெருகு போய்விடும். இந்தக் குளியல் நிக்கலுக்கும் ஸ்டெயின்லெஸுக்கும் நன்றாகப் பலிக்கிறது. பூச்சுத் தந்திக்கு அதனால் பெரிய பயன் இல்லை. உறை கிழிந்துவிட்டால் அதை மீட்க வழியே கிடையாது. சிக்கனம் பார்ப்பவர், இரண்டு நிக்கல் செட்டுகளை மாற்றி மாற்றி ஊறவைத்து ஓர் ஆண்டை ஓட்டிவிடலாம் என்பது என் அனுபவம். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் முறுக்காணியில் வளையும் இடம் பலவீனமாகிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் கை வியர்ப்பதில்லை. அங்கே எதிரி ஈரக் காற்று. பனிமூட்டத்தில் குளிர்ந்துபோன கித்தாரைக் கூட்டம் நிறைந்த வெதுவெதுப்பான கூடத்துக்குள் கொண்டுவந்து உறையைத் திறந்தால், தந்திமேல் நீர் அரும்புவதைக் கண்ணாலேயே காணலாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் மட்டும் வாசித்து, மற்ற நாளெல்லாம் மூடிவைக்கும் கருவியில் நிக்கல் தந்தி வாசிப்பால் மங்குவதற்கு முன்பே துருவால் மங்குகிறது. ஆகவே மலைக்குத் துருவேறாத ஸ்டெயின்லெஸே போதும். பூச்சுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவைத்தால் இன்னும் நல்லது. வியர்க்கும் கையோடு வாரம் மூன்று நிகழ்ச்சி வாசிக்கும் சேலத்துக்காரர், விரலால் மட்டும் மீட்டுபவரானால் பூச்சுத் தந்தியை வாங்கலாம். பிக்கோ ஸ்லாப்போ வாசிப்பவரானால் பூச்சில்லாத ஸ்டெயின்லெஸ் செட்டும், மேடையைவிட்டு இறங்குமுன் நான்கு தந்திகளின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைக்க ஒரு பருத்தித் துணியும் வாங்கலாம்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உள்கம்பி உருண்டையாக உள்ள தந்திகளை, முறுக்காணியில் மடக்கிய பிறகே வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் சுற்று உள்ளேயே நெகிழ்ந்து, புத்தம் புதிய தந்தி முதல் நாளே மங்கலாக ஒலிக்கும்.