கோடிக்கரை ரிங் முகாம்: ஒரு பத்தர் பார்த்தது

கும்பகோணத்தில் நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். விலங்கியல் படிக்கும் மகளுக்குத் துணையாக, அவள் கல்லூரி கோடிக்கரையில் நடத்திய பறவை ரிங் முகாமுக்குப் போனேன். பறவையைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிடுவார்கள்; மறுபடி சிக்கினால் எங்கிருந்து வந்தது என்று தெரியும். இரண்டு இரவு, சாப்பாட்டோடு ஆளுக்கு 900 ரூபாய். கொடுத்த காசு வீண் இல்லை.

தை அமாவாசை. ஊரே கடலில் முழுக வந்திருக்க, நாங்கள் இருட்டுக்காக வந்திருந்தோம். நிலவு இருந்தால் பறவைக்கு வலை தெரிந்துவிடுமாம். முழங்கால் சேற்றில் மூங்கில் நட்டு, முடி போன்ற நைலான் வலையைக் கட்டினார்கள். கரையில் காத்திருந்தபோது பேராசிரியர் பழைய கதை சொன்னார். பறவைகள் நோய் பரப்பும் உண்ணிகளைச் சுமந்து வருகின்றனவா என்று பார்க்கத்தான் 1959இல் பறவை ஆய்வாளர் சலீம் அலி, உலக சுகாதார நிறுவன உதவியோடு ரிங் போடும் வேலையைப் பெரிதாகத் தொடங்கினாராம். கொசு என்னைச் சுமக்காத குறை. ஓடோமாஸ் இல்லாமல் போகாதீர்கள்.

முதலில் சிக்கியது கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவை. சைபீரியப் பக்கத்திலிருந்து வருகிறது. துணிப்பையில் போட்டு நிறுத்தார்கள்: 23 கிராம். மூன்று சவரனுக்கு ஒரு கிராம் குறைவு! இங்கேதான் என் குறை. தராசைத் திறந்த மேசையில் வைத்திருந்தார்கள். கடல்காற்றில் எண் நிற்காமல் ஆடியது. பட்டறையில் நாங்கள் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து நிறுப்போம். சொன்னேன், சிரித்தார்கள். மறுநாள் இரவு பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்று தராசைச் சுற்றி நின்றது.

ரிங் போடுவதில் மட்டும் குறை சொல்ல வழியில்லை. பறவையின் கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் விட்டு, இறுக்காமல் பிடிக்கிறார் ரிங் போடும் அண்ணன். குறட்டில் ரிங் அளவுக்கேற்ற ஓட்டைகள். ஒரே அழுத்து. ரிங்கின் வாய் இரண்டும் மயிரிழை இடைவெளி இல்லாமல் கூடின. இடைவெளி இருந்தால் நூலோ பாசியோ மாட்டும். என் பட்டறைப் பையனுக்கு இந்தச் சுத்தம் வர மூன்று வருடம் ஆனது.

இரண்டாம் இரவு, ஏற்கெனவே ரிங் போட்ட உள்ளான் ஒன்று விழுந்தது. உப்புத்தண்ணீரில் அலுமினியம் தேய்ந்து, கடைசி எண் மூன்றா எட்டா என்று ஒரே வாக்குவாதம். சட்டைப்பையில் இருந்த என் லென்ஸைக் கண்ணில் மாட்டி, டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். இடப்பக்கம் வளைவின் தடம் மிச்சமிருந்தது. எட்டு. மகள் நோட்டில் எழுதிக்கொண்டாள். எந்த ஊரில், எந்த வருடம் போட்டது என்பது மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

உள்ளங்கையை விரித்ததும் அது உடனே போகவில்லை. ஒருமுறை உடம்பை உதறிவிட்டு அப்புறம்தான் இருட்டுக்குள் போனது.

சாப்பாடு சுமார், சாம்பாரில் உப்பு தூக்கல். அடுத்த முறை போகிறவர்கள் ஒரு நல்ல லென்ஸ் எடுத்துப் போங்கள். அவர்களிடம் இருப்பது கீறல் விழுந்தது.